நீங்கலாக

பல்லடத்தில், கோழித்தீவன லாரிகள் திரும்பும் முக்கில்
மூன்று மாடி ஆஸ்பத்திரி.
மாடிப்படிக்கு அடியில் என் மேசை.
பலகையில் ‘காப்பீட்டு உதவி’ என்றிருக்கிறது.
உதவி என்ற சொல்லின் மேல்
யாரோ சுண்ணாம்பு விரலைத் துடைத்திருக்கிறார்கள்.

சட்டம் வந்து பதினாலு மாசம்.
கூலி வாங்குகிற எவரும் அட்டை வாங்க வேண்டும்,
நூற்றுக்கு நாலு ரூபாய் பிடித்தம்,
பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி, பட்டியலில் உள்ள நோய்.
அதற்கப்புறம் சின்ன எழுத்தில் ஒரு பக்கம்.
எந்த வரியும் ஒரே சொல்லில்தான் முடியும்:
பல் நீங்கலாக.
கண்ணாடி நீங்கலாக.
அட்டைக்கு முன்பே உடம்பிலிருந்த நோய் நீங்கலாக.

ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது
அந்தச் சொல்லைச் சொல்கிறேன்.
பலமுறை துவைத்த பனியனின் லேபிள் மாதிரி
எனக்கு அது மங்கிவிட்டது.

ராக்கியண்ணனுக்கும் சொன்னேன்.
இருபத்தாறு வருஷம் தறிக்குடோனில் பஞ்சை இழுத்தவர்.
இருமல் அட்டைக்கு முன்னாலா பின்னாலா என்று
சென்னையிலிருந்து போனில் கேட்டார்கள்.
ரிசீவரை அவரிடமே கொடுத்தேன்.
அவர் பதில் சொல்லவில்லை, இருமினார்.
எதிர்முனை பொறுமையாகக் கேட்டுவிட்டு
முன்னால்தான் என்றது.

சட்டத்தை அவையில் தாங்கிப் பேசியவர்
எங்கள் தொகுதி உறுப்பினர் அர்த்தநாரி.
இந்த மேசையைத் திறந்து வைத்ததும் அவர்தான்.
“நோவுல மேலென்ன கீழென்னங்க,
எல்லாருக்கும் ஒரே அட்டைங்க” என்று
கேமராவுக்கு முதல் அட்டையைத் தூக்கிக் காட்டினார்.
அவர் படம், அவர் பெயர், எண் ஒன்று.
டீ குடித்தார். சர்க்கரை எச்சு என்றார்.
அட்டையை மேசைமேல் விட்டுவிட்டுப் போனார்.
வாங்கிப் போக ஆள் வருமென்று
இழுப்பறையில் போட்டு வைத்தேன், ஸ்டாப்ளர் பின்களோடு.

ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் திருத்தம் வந்தது.
ஒன்றரைப் பக்கம். காரணம் கண்ணியமாக இருந்தது:
அவைப்பணியின் தன்மை, அலைச்சல், அவசரம்.
பிரிவு மூன்றில் ‘அனைவரும்’ என்ற சொல்லுக்கு முன்
‘அவை உறுப்பினர்களும் அவர்தம் குடும்பத்தினரும் நீங்கலாக’
எனச் சேர்த்து வாசிக்கப்பட வேண்டும்.

சேர்த்து வாசித்தேன்.
அதே சொல். என் சொல்.
இங்கே கதவைச் சாத்துகிற அதே சொல்
அங்கே கதவைத் திறந்துவிட்டிருந்தது.
ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.
எதிர்வரிசையும் மேசையைத் தட்டியதாகப் பேப்பரில் இருந்தது.
கறிக்கோழி விலை விழும்போது பண்ணைக்காரர்களிடம்கூட
இவ்வளவு ஒற்றுமை நான் பார்த்ததில்லை.

போன வாரம் அர்த்தநாரிக்கு நெஞ்சுவலி.
கார் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போனது,
கோயம்புத்தூருக்கு, அவினாசி ரோட்டுக்கு.
செங்கோடன் நாற்பது நிமிஷத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.
பிழைத்துக்கொண்டார். நல்லதுதான்,
மனசாரத்தான் சொல்கிறேன்.

இன்றைக்கு அதே செங்கோடன் என் எதிரில்.
டோக்கன் நாற்பத்தொன்று. விலாவில் கை.
சிறுநீரகத்தில் கல், நெல்லிக்கொட்டை அளவு.
அட்டை இருக்கிறது, பிடித்தம் மாசம் தவறவில்லை.
“எப்ப இருந்துங்க இந்த வலி?”
“அய்யாவுக்கு வண்டி ஓட்ட ஆரம்பிச்சதுல இருந்துங்க.
நடுவால ஒண்ணுக்குக்கூட நிறுத்தறதில்லீங்க.
தண்ணி குடிச்சாத்தானே போகோணும்னு
குடிக்கறதையே உட்டுப்போட்டனுங்க.”

படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
பேனா தேடி இழுப்பறையை இழுத்தேன்.
எண் ஒன்று என்னைப் பார்த்துச் சிரித்தது,
பின்கள் அதன் நெற்றியில் கீறியிருந்தன.

போன் அடித்தது. சென்னை.
அட்டைக்கு முன்னாலா பின்னாலா?
செங்கோடன் என் வாயையே பார்த்தார்.

“பின்னாலதாங்க” என்றேன்.
பதினோரு வருஷ வேலையில்
நான் சொன்ன முதல் பொய். இதுவும் கணக்கில் ஏறுமோ என்னவோ.

சரிபார்க்கிறோம், காத்திருங்கள் என்றார்கள்.
ரிசீவருக்குள் ஒரு வீணை, திரும்பத் திரும்ப அதே நாலு சுரம்.
அதற்குள் நாற்பத்திரண்டு எழுந்துவிட்டது.
பாவாயி.
கையில் ஒரு பக்கம் உடைந்த மூக்குக்கண்ணாடி.