நம்பர் சொல்லுங்க

பந்தலடிக்குப் பக்கத்தில் ஏ.சி. போட்ட கடை.
மூன்றாவது கல்லா என்னுடையது.
முதலில் நம்பர் கேட்க வேண்டும்,
பிறகுதான் பை.
ஒரு நாளைக்கு எண்பது நம்பர் என்பது
மேனேஜர் கணக்கு.
எழுபத்தொன்பதில் நின்றால்
சம்பளத்தன்று ஒரு முகம் காட்டுவார்.

சொல்கிறார்கள்.
சொந்தத் தம்பிக்குப் பத்திரத்தைக் காட்டாதவர்கள்கூட
ஒரு கிலோ உளுந்துக்கு நாலு பாயிண்ட் என்றதும்
கடை கேட்கச் சொல்கிறார்கள்.
கோட்டூர் வைரக்கண்ணு
மரக்கால் போட்டு அளப்பதுபோல
ஒன்றொன்றாய் நிறுத்திச் சொல்வார்,
சரியா என்று திருப்பியும் கேட்பார்.
ஒருத்தர் மட்டும்
ஒன்பது இலக்கத்தோடு நின்று
"மிச்சத்தை நீயே போட்டுக்கம்மா" என்றார்.
நான் சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.

மேட்டூரில் திறந்த தண்ணீர்
எத்தனை ஷட்டர் தாண்டி
எத்தனை முறைப் பாசனம் பார்த்து
பாமணியில் வந்து கிடக்கிறது.
கடைமடைக்காரன் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறான்.
இதற்கு அந்தக் கஷ்டமில்லை.
என்டர் தட்டினால்
பள்ளத்திலிருந்து மேட்டுக்குப் பாய்கிறது
ஊர்.
சென்னைக்கு என்கிறார்கள்,
அதற்கும் மேலே என்கிறார்கள்.
மடையை அடைக்கிற ஆள் யாரென்று
மேனேஜருக்கும் தெரியாது.

ஆடித் தள்ளுபடி நேரம்.
பூங்கோதை என்று ஒரு பெண்,
தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ்,
உதட்டுக்குள்ளேயே சொன்னாள்.
"கேக்கலை, சத்தமா" என்றது
நான்தான்.
அவளுக்குப் பின்னால்
கொசுவர்த்திச் சுருளோடு நின்றவனின் வாய்
சும்மா அசைந்ததைப் பார்த்தேன்.
பாக்கு மெல்கிறான் என்று நினைத்தேன்.

ராத்திரி பதினொன்றுக்கு ஒரு ஹாய்.
விடிவதற்குள் ஒரு போட்டோ.
நாலாம் நாள் வந்தாள்.
திட்டவில்லை.
"நீங்கதானேக்கா சத்தமாச் சொல்லச் சொன்னீங்க"
என்று மட்டும் சொல்லிவிட்டு
காலிக் கூடையை அடுக்கில் வைத்துவிட்டுப் போனாள்.
அப்புறம் நான் அவளைப் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து
தயங்கினவர்களுக்கெல்லாம் என் நம்பரை அடித்தேன்.
பிறகு தயங்காதவர்களுக்கும்.
கை பழகிவிட்டது,
யாரும் கவனிக்கவில்லை.
டார்கெட் தாண்டியது.
அந்த மாதச் சிறந்த ஊழியர் என்று
குளிர்பான அலமாரிக்கு மேலே
என் போட்டோவை மாட்டினார்கள்.

இப்போது கம்ப்யூட்டருக்குத் தெரிந்த நான்
பதினோரு குழந்தைக்கு டயப்பர் வாங்குகிறேன்.
சர்க்கரைக்குப் பயந்து இனிப்பில்லாத பிஸ்கட்,
அன்றைக்கே ஐந்து கிலோ சீனி.
முகப்பருக் கிரீம். முழங்கால் தைலம்.
வளைகாப்புக்கு மஞ்சள் குங்குமம் வாங்கிய கையோடு
பதினாறாம் நாள் காரியத்துக்குச் சாமான்.
ரம்ஜானுக்குச் சேமியா,
கார்த்திகைக்குப் பொரி,
மீசைக்கு வாரம் தவறாமல் கறுப்புச் சாயம்.
"உங்கள் செல்லத்தின் முதல் பிறந்தநாளுக்கு வாழ்த்துகள்"
என்று மெசேஜ் வருகிறது.
வாடகை அறையில்
ஒரு தட்டும் ஒரு டம்ளரும்
கவிழ்ந்து காய்கின்றன.

என் அரைக் கிலோ ரவையை,
என் ஒரு சோப்பை
எதிர்ப் பெட்டிக்கடையில்
சில்லறை கொடுத்து வாங்குகிறேன்.
அவர் பாக்கி மூன்று ரூபாய்க்குப் பதில்
புளிப்பு மிட்டாய் தருவார்.
வேறெதுவும் கேட்கமாட்டார்.

நேற்று தலைமை ஆபீசிலிருந்து போன்.
ஒரே நம்பரில் ஆயிரத்துச் சொச்சம் பில்லாம்.
மேனேஜர் திரையை வெகுநேரம் உருட்டினார்.
கறுப்புச் சாயம் வந்த இடத்தில் கொஞ்சம் நின்றார்,
தொண்டையைச் செருமிக்கொண்டு மேலே போனார்.
"எவ்வளவு பாயிண்ட்?"
"பதினெட்டாயிரத்து முந்நூறு சார்.
ஒண்ணும் எடுக்கலை."
"அப்ப எதுக்கும்மா இது?"
சொல்லத் தெரியவில்லை.
திங்கட்கிழமை தஞ்சாவூருக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள்.

அதுவரை கல்லா என்னுடையதுதான்.
சாயங்காலக் கூட்டம்.
வைரக்கண்ணு வந்து நிற்கிறார்,
உளுந்து, வெல்லம், ஒரு டார்ச் பேட்டரி.
பின்னால் நாலைந்து பேர்.
வேண்டாம் என்று கையைக் காட்டுவதற்குள்
ஏழு இலக்கம் வந்துவிட்டது.
மிச்சம் மூன்றை
அவர் விடுவதாயில்லை.