பெட்டிக்கு ஒரு வாசகம்

மல்லாவி மில்லடி. காலை எட்டரை.
"வயர்மன் வரேல்லையோ?" என்றார் மனேச்சர் இராசநாயகம்,
என் தோளுக்குப் பின்னால் றோட்டைப் பார்த்தபடி.
வந்துவிட்டாள் ஐயா. ஏணி பிடிக்க ஆள் தாருங்கோ.

மெயினை இறக்கிவிட்டுக் கதவைத் திறந்தால்
குறுக்கே ஒரு பல்லி.
முன்கால் சிவப்பில், வால் மஞ்சளில்.
ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுகிற பல்லி
கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.
இது கொஞ்சம் முன்னேறின பல்லி,
மூன்று பேஸ் பெட்டிக்குள் விழுந்திருக்கிறது.
கடதாசிபோலக் காய்ந்து, கண் மட்டும் கறுப்பாய்.

ஒற்றைக் கம்பியில் இருந்திருந்தால் பிழைத்திருக்கும்.
இரண்டு கம்பி, இரண்டிலும் உயிர்,
சேர்ந்து துடிக்காத உயிர்.
இருநூற்றி முப்பதென்று நம்பி நீட்டின காலுக்கு
நானூறு கிடைத்தது.

போன மாதம் பவளேந்திரனின் பெருவிரலும் அப்படித்தான்.
ஒரு சுவிச்சை இறக்கிவிட்டு
"கரண்ட் செத்துப்போச்சு" என்று கை வைத்தவன்.
செத்தது மூன்றில் ஒன்று.
இப்போது இடக்கையால் உமி அள்ளுகிறான்.

அதற்குப் பிறகுதான் மனேச்சருக்கு ஞானம் வந்து
எங்கிருந்தோ எடுப்பித்த ஸ்ரிக்கர் ஒரு கட்டு
மேசையில் கிடந்தது. மூன்று மொழி.
தமிழில் மட்டும்
"ஆபத்து. தொடவேண்டும்."
பவளேந்திரன் கட்டுவிரலைத் தூக்கிக் காட்டினான்:
"சொன்னபடிதானே செய்தனான்."

மாங்குளத்து அச்சுக்கடை நிக்கொலஸ் போனில் கேட்டான்,
மண்டையோடு போடவோ என்று.
வேண்டாம். இங்கே அதற்குப் பயப்பட ஆளில்லை.
மில்லின் பின்வளவில் கோழிக்கூட்டுக்குக் கதவே அதுதான்:
சிவப்புப் பலகை, வெள்ளை மண்டை, இரண்டு எலும்பு,
அதற்குப் பின்னால் அடைகிடக்கிற பேடு.

பெட்டியின் பழைய பாதி சண்டைக்கு முந்தினது.
சிவப்பு, மஞ்சள், நீலம் உயிர்; கறுப்பு வெறும் நியூற்றல்.
புதுப் பாதி, நெல் காயவைக்கிற மிசினுக்காகப் போட்டது.
பழுப்பு, கறுப்பு, சாம்பல் உயிர்; நீலம் நியூற்றல்.
நடுவில் ஒரு தகரத் தட்டு.
இந்தப் பக்கம் சாதுவான கறுப்பு
அந்தப் பக்கம் கடிக்கும்.
இந்தப் பக்கம் ஆளைக் கொல்லுகிற நீலம்
அந்தப் பக்கம் பசுக்கன்று.
நிறம் பார்த்துப் பழகின கைகளுக்கு
இதை எப்படிச் சொல்வது,
பத்துக்கு ஏழு சென்ரிமீற்றருக்குள்?

சாக்கில் குந்தியிருந்து கொப்பியில் எழுதினேன்.
"இப்பெட்டியானது ஒன்றுக்கு மேற்பட்ட கட்டங்களால்..."
வெட்டினேன். கட்டம் என்றால்
இங்கே சாதகத்தைத்தான் விரிப்பார்கள்.
"உயிராபத்து." அதையும் வெட்டினேன்,
பூச்சிமருந்துப் போத்தலில் இருக்கிறது,
அதில்தான் தண்ணீர் கொண்டுவருகிறார்கள்.
பெட்டியைத் திறக்கப்போகிற ஆளை நினைத்தேன்.
இரவு, மழை, மோட்டர் நின்றுபோய்
லொறிக்காரன் ஹோர்ன் அடிக்கிற நேரம்,
வாயில் ரோச் கவ்வியபடி.
அவனுக்கு எழுதினேன்:

உள்ளே ஒன்றல்ல, மூன்று.
இடையில் 400 வோல்ற்.
ஒன்றை நிப்பாட்டினால் மற்றது நிற்காது.
நிறத்தை நம்பாதே. சோதித்துப் பார்.

"இவ்வளவு எழுத்தோ?" என்றான் நிக்கொலஸ்.
சிவப்பு மை முடிந்து மஞ்சளில் அடித்து
பின்னேர பஸ்ஸில் கொடுத்துவிட்டான்.

கதவில் ஒட்டினேன். மூலையில் ஒரு காற்றுக்குமிழ்,
நகத்தால் தேய்த்தும் போகவில்லை.
மில் ஓடத் தொடங்கியிருந்தது.
பவளேந்திரன் வந்து எழுத்துக் கூட்டினான்,
சத்தத்தில் உதடு மட்டும் தெரிந்தது.
மூன்றாவது வரியில் கொஞ்சம் நின்றது உதடு.
பிறகு சாக்கைத் தூக்கிக்கொண்டு போனான்.

பில் எழுதினேன்:
பெட்டி துப்புரவாக்கியது. முனை இறுக்கியது. வாசகம், ஒன்று.
"எழுத்துக்கும் காசோ பிள்ளை?"
கூரைத் தகரத்தில் எங்கோ ஒரு பல்லி சொன்னது.
மனேச்சர் பழக்கத்தில்
மேசையை மூன்றுதரம் தட்டினார்,
பிறகு லாச்சியைத் திறந்தார்.