எழுபத்தைந்து மில்லிமீட்டர்

குழி வட்டமாகத்தான் விழும்.
மாநகராட்சிக்கு வட்டம் ஆகாது.
ஓரம் நொறுங்காத இடம்வரை போய்
சதுரமாக வெட்டி,
இருந்ததைவிடப் பெரிய குழியாக்கிய பிறகே
நிரப்பச் சொல்கிறது விதி.

கோடு போட என்னிடம் சுண்ணாம்பு இல்லை.
வெள்ளைக்கல் சுரங்கத்துப் பக்கம் பொறுக்கிய
மாக்னசைட் துண்டு ஒன்று
மூன்று மழைக்காலமாய் என் கைப்பையில் தேய்கிறது.
குகையில் ஒன்பது சதுரம்.
நெத்திமேட்டில் பதினாறு.
லீ பஜாரில் எண்ணிக்கை ஒன்று குறையும்,
மிளகாய் லாரி குழியின் மேலேயே நின்றிருந்தது.

அளவுப் புத்தகத்தில் மூன்றே கட்டம்:
நீளம், அகலம், ஆழம்.
கிச்சிப்பாளையத்துக் குழியில்
யாரோ கோபத்தில் நட்டிருந்த வாழைக்கன்றை
எந்தக் கட்டத்தில் எழுத?
தார்ச்சட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பாவாயி
அதைப் பிடுங்கி, ஈரச்சாக்கில் சுற்றி,
ஓமலூர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள்.
இப்போது நாலாம் இலை விட்டிருக்கிறதாம்.

போன வாரம் செவ்வாய்ப்பேட்டை, மூங்கில் சந்து.
ரோட்டின் மேல் ரோடு, அதன் மேல் இன்னொரு ரோடு.
மூன்று படி ஏறிப் போன வீடுகளில்
ஒன்றரைப் படிதான் மிச்சம்.
மழை பெய்தால் செருப்புக்கு முன்னால்
சாக்கடை உள்ளே நுழைகிறது.
இனிமேல் சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும்,
எழுபத்தைந்து மில்லிமீட்டர் என்று உத்தரவு.

இயந்திரத்தின் பல் இறங்கியதுமே
கொலுசுப் பட்டறை தனகோட்டி ஓடி வந்தார்,
உள்ளங்கையில் மெருகுக் கறுப்பு காயவில்லை.
"ஏனுங்க மேடம், சுரண்டுனத எங்க கொட்டுவீங்க?"
பட்டறை கூட்டிய குப்பையையும்
விலைபேசி விற்கிற சந்து இது.
கூட்டியும் சிக்காத தூசி, கழுவி ஊற்றிய தண்ணீர்,
முப்பது வருசத்து அராவல்
இந்தத் தாருக்குள்தான் இருக்கும் என்றார்.
"கால் கிலோ தேறுமுங்க."
நான் எழுதினேன்:
பழைய தார்க்கழிவு, பதின்மூன்றரை கனமீட்டர்,
மாநகராட்சிக்குச் சொந்தம்.
ரோலர் தஸ்தகீர் எஞ்சினை அணைத்துவிட்டுச் சிரித்தார்:
"இத்தன நாளா வெள்ளி மேலயா உருட்டிட்டு இருந்தேன்!"
டிப்பர் போன பிறகு பார்த்தேன்,
தனகோட்டியின் பையன்
ஒரு பெயிண்ட் டப்பாவை வேட்டிக்குள் மறைத்தபடி நடந்தான்.
நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் சரோஜினிபாய்
வாசலில் கால் வைத்துத் தடுமாறினார்.
இருபது வருசமாய்ப் பாதம் படித்த உயரத்தில்
ரோடு இல்லை.
"சொல்லிட்டு எறக்கக் கூடாதாம்மா?"
கணுக்காலைத் தேய்த்துக்கொண்டே குனிந்தவர்
அப்படியே நின்றார்.
படியின் முகப்பில், சிமென்ட் ஈரமாய் இருந்தபோது
ஆணியால் கீறிய எழுத்துகள்.
மேல்பாதியை மட்டும் பார்த்து
ஏதோ கொடி, பூ என்று
இத்தனை காலம் மஞ்சள் பூசியிருக்கிறார்கள்.
இப்போது கீழ்ப்பாதியும் வெளியே வந்து படிக்க முடிகிறது:
குப்புமுத்து.
கொத்தனாராக இருக்கலாம்.
கொத்தனார் மகளாகவும் இருக்கலாம்.

நாளைக்கு நாற்பது மில்லிமீட்டர் புதுத்தார்.
டேப்பை வைத்துப் பார்த்தேன்:
உகரங்களின் வால் மட்டும் முழுகும்.
கப்பமத்த என்றாகிவிடும்.
பாவாயியிடம் எதுவும் சொல்லவில்லை.
அவளாகவே அந்த வாசலில் மட்டும்
கொத்துவாரியால் தாரை இழுத்து
ஒரு முழத்துக்குச் சரித்துவிட்டாள்.
"தண்ணி ஓடட்டுங்க மேடம்" என்றாள்,
எழுத்தைப் பார்க்காமல்.
அவளுக்குப் படிக்கத் தெரியாது.

மூன்றாம் நாள் காலை.
தார் இன்னும் செருப்பில் லேசாய் ஒட்டுகிறது.
சந்து நடுவில் நீலப் பெயிண்டில் ஒரு குறி,
குடிநீர்ப் பிரிவு, தோண்ட வேண்டிய இடம்.

வட்டமாகப் போட்டிருந்தார்கள்.