பதினொன்றாம் எண்ணின் முதுகு

ஆட்டத்தில் கோல்கீப்பருக்கு முகங்கள் கிடையாது.
பத்துப் பேரின் முதுகுகள்தான்.
யோபுவின் பனியனில்
பதினொன்றில் ஓர் ஒன்று உரிந்துபோய்
வெறும் ஒன்றாகத் திரிந்தான்.
ஒன்றாம் எண் நான்.
ரெண்டு கீப்பர் என்று சொல்லிச் சிரிப்போம்.
முதலில் அவனும் சிரித்தான்.

பதினாலு மாதம், ஒரு கோல் இல்லை.
கொருக்குப்பேட்டை கேட்டில் நின்றால்
சரக்கு ரயிலுக்குக்கூட ஒரு கடைசிப் பெட்டி உண்டு.

ஒருமுறை அவர்கள் கீப்பர் வழுக்கி விழுந்து கிடக்க
காலிக் கம்பத்துக்கு முன்னால் நின்று
இவன் அடித்த பந்து
சுவர் தாண்டிக் கால்வாயில் விழுந்தது.
மூங்கிலில் வலை கட்டிப் பந்தெடுக்கும் பிரகலாதன்
பந்துக்குப் பத்து ரூபாய் வாங்குவான்.
“யோபண்ணா ஆடுற அன்னிக்கு
எனக்கு அத்தோ கேரண்டி” என்பான்.

பழைய மேனேஜர் நல்ல மனுஷன், கத்துவார்.
கத்தக் கத்த அவருக்குத் தொண்டை கட்டும்
இவனுக்குக் கால் கட்டும்.

தை பிறந்து வந்தார் இம்தியாஸ்.
துறைமுகத்தில் கன்டெய்னர் எண்ணும் வேலை
யோபுவைவிட ரெண்டு வயது சின்னவர்.
முதல் நாள் பயிற்சியில் பாதி நேரம்
வராத லாரிக்காக போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.
மூணு மேட்ச் தாங்க மாட்டார் என்று
நான் இருபது ரூபாய் கட்டினேன்.

ஏழாம் நாள், லேஸ் கட்டிக்கொண்டிருந்தவனிடம் கேட்டார்:
“நீ எப்ப தூங்குற?”

யோபு காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவன்.
ராத்திரி ரெண்டுக்குப் போய்
ஆறரைக்கு நேராக மைதானம்.
விரலெல்லாம் ஊறி வெளுத்திருக்கும்.
எங்களுக்குத் தெரியாததா?
தெரிந்ததை எதற்குக் கேட்பது என்று
கேட்காமல் இருந்தோம்.

பயிற்சி சாயங்காலத்துக்கு மாறியது.
ஒருத்தன் தூங்குவதற்கு
பத்துப் பேர் வேலையில் பொய் சொல்வதா?
முணுமுணுத்தோம், பிறகு சொன்னோம்.
என் மாமியாருக்கு
இதுவரை மூணு தடவை கண் ஆபரேஷன்.

மூணாவது மேட்ச், கார்னர்.
கூட்டத்துக்குள் யோபுவின் முட்டியில் பட்டு
பந்து உள்ளே போனது.
இவன் அடித்தானா, அது வந்து மோதியதா
என்று பந்துக்கே தெரியாது.
எல்லாரும் அவன்மேல் விழுந்து புரண்டார்கள்.
மைதானத்தின் இந்தக் கோடியில்
நான் ஒருத்தன் நின்று கைதட்டினேன்.
கையுறையில் சத்தம் வராது.

புது மேனேஜர் ராசி என்றார்கள்.
தூக்கம் என்றான் ஒருத்தன்.
முட்டி என்றேன் நான்,
இருபது ரூபாயை எண்ணிக் கொடுத்துக்கொண்டே.

அதற்கப்புறம் மூணு மேட்ச், ஒன்றுமில்லை.
பிரகலாதன் மறுபடி அத்தோ தின்றான்.

நேற்று எண்பதாவது நிமிஷம்
யோபு பந்தை விட்டான்.
விட்டால் இடுப்பில் கைவைத்து நிற்பான்,
மணலிப் பக்கம் எரியும் தீயைப் பார்த்தபடி.
நேற்று திரும்பினான்.
பந்தைப் பிடுங்கினவன் பின்னால்
என்னை நோக்கி ஓடி வந்தான்.

முகம்.
வாய் பிளந்து, மூக்கு விடைத்து
மீசையில் ஒரு பக்கம் மட்டும் நரை.
எத்தனை டீ குடித்திருப்போம் ஒன்றாக,
இப்படியொரு முகம் அவனிடம் இருந்தது
எனக்குத் தெரியாது.
அழகு என்று சொல்ல முடியாது.

காலை நீட்டினான்.
பந்து தட்டுப்பட்டு உருண்டு
என் கைக்கு வந்தது.
புழுதியில் கிடந்தபடியே கத்தினான்:
“இன்னாடா பாத்துனு கீற? போடு!”

போட்டேன்.
எழுந்து ஓடினான்.
மறுபடி முதுகு.
யாரோ புது எண் ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள்,
இரண்டாவது ஒன்று
கொஞ்சம் கோணல்.