நடுக்கட்டம்

கருங்கல் சந்தைக்குப் பக்கத்துக் கடையில்
நாலாயிரத்து முந்நூறுக்கு வாங்கியது.
மேல்மூலையில் ஒரு கீறல்.
படம், நம்பர் எல்லாம் அழிச்சாச்சு அண்ணே
என்றான் பையன்.
கீபோர்டை மறந்துவிட்டான்.

முதல் வாரம் முழுக்க விரல்ரேகையோடு சண்டை.
பதினெட்டு வருஷமாகப் பால்வெட்டுகிற கை.
பெருவிரலில் ரேகை இருந்த இடத்தில்
கத்திப்பிடி இருக்கிறது.
திருப்பரப்பு விளையில், ராத்திரி ரெண்டரைக்கு,
மறுபடி முயலவும்
மறுபடி முயலவும் என்று
நான் நான்தானா என்று கேட்டுக்கொண்டே இருந்தது.
விட்டுவிட்டுக் கோட்டுக்கு மாறினேன்.
இடது மேலிருந்து வலது கீழே
சரிவாக ஒரே இழுப்பு,
மரத்தில் போடுகிற அதே வெட்டு.
மூணு புள்ளி போதாது, நாலு வேணும் என்றது.
சிரட்டைக்காகப் பக்கத்தில் ஒன்று சேர்த்தேன்.
திறந்தது.

எழுத்தைப் பெரிதாக்கினேன்.
முகப்புப் படம் வெறும் கறுப்பு.
நெற்றியில் ஏற்கெனவே ஒரு லைட் எரிய
கையில் இன்னொன்று கண்ணைக் குத்த வேண்டாம்.
அலாரத்துக்குக் குக்கர் விசில் வைத்தாள் மகள் ஆஷ்லின்.
மூணு நாள் விஜிலா தூக்கத்தில் எழுந்து
அடுப்பை அணைக்கப் போனாள்.
அதையும் மாற்றினோம்.

மாற்ற முடியாதது சொற்கள்தான்.

முதலாளிக்கு 'மரத்துல நிக்கேன்' என்று அடிக்க
'மரத்துல' தாண்டுமுன்னே
'ரெண்டுபேரு' என்று எடுத்துக் கொடுத்தது.
என் மரத்தில் யார் ரெண்டு பேர்?
அப்புறம்தான் புரிந்தது,
அவனுக்கு மரம் என்றால் கட்டுமரம்.
'காத்து' என்றால் முன்னால் 'சோழ' சேர்த்தது.
பால் குறைவு என்று சொல்ல 'பா' போட்டதும்
'பாடு இல்ல' என்றது.
மீன்பாட்டைச் சொல்கிறான்.
எனக்கும் அன்று பொருத்தமாகத்தான் இருந்தது,
அப்படியே அனுப்பினேன்.

இனயம் பக்கத்து ஆளாக இருக்கணும்.
முகம் தெரியாது, பேர் தெரியாது.
மலையடியில் நின்று
ஒருத்தன் வாயிலிருந்த உப்பை
நான் தின்றுகொண்டிருந்தேன்.

ஒட்டுப்பால், உறைவட்டு, ஷீட்டு
ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தேன்.
நல்ல மாணவன். ரெண்டு தடவை போதும்.
ஆனால் ஒரு பழக்கம் மட்டும் போகவில்லை.
'வந்துட்டேன்' என்று அடித்தால்
நடுக்கட்டத்தில் ஒரு பேர் வந்து நிற்கும்.

ஒரு மழைநாள், குலசேகரத்தில் பஸ் இறங்கி,
சட்டைக்குள் போனை வைத்து
ஈரவிரலால் தடவியது
வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது இப்படி:
வந்துட்டேன் சகாயராணி.

வாசலில் கையில் துவர்த்தோடு நின்றாள் விஜிலா.
துவர்த்தைத் தரவில்லை.
"ஆராக்கும் சகாயராணி?"

ஈரத்தோடு நின்றபடி எல்லாம் சொன்னேன்.
கட்டுமரம், காற்று, கருங்கல் பையன்.
நம்பினாளோ என்னவோ, போனை வாங்கினாள்.
பேரின்மேல் விரலை வைத்து அமுக்கிப் பிடித்தாள்.
'இச்சொல்லை நீக்கவா?'
ஆம். இல்லை.

ஓட்டில் மழை இரைந்துகொண்டிருந்தது.
"அவன் போனை வித்தானா,
இல்ல வேற ஆராவது வித்தாங்களா?"
புதுசு வாங்கியிருப்பான், என்றேன்.
அதை நான் முன்னமே முடிவு செய்துவைத்திருந்தேன்.
அவள் விரலை எடுத்தாள்,
ரெண்டையும் தொடாமல்.
பிறகு துவர்த்தை என் தலையில் போட்டாள்.

இப்போது மூணு கட்டத்தில்
நடுவே சகாயராணி,
வலது ஓரத்தில் விஜிலா.
சாயா ஆறுகிற நேரத்தில் எட்டிப் பார்க்கிறாள்.
"நான் நடுவுல வர எத்தன நாளாவும்?"

தெனமும் வந்து சேரணும் பிள்ளே,
வந்து சேந்தத
தெனமும் சொல்லணும்.