சூழல் மாறி

கொழும்புக் கால்வாய்களுக்கு நாற்பது பலகைகள்.
ஒவ்வொன்றும் உள்ளங்கையளவு.
நாற்பதிலும் ஒரே படிமம்,
ஒரே தூக்கத்தின் நாற்பது பிரதி.

எழுப்பும்போதுதான் சொல்லவேண்டும்:
இது தெமட்டகொடை.
உனக்குக் கீழே ஓடுவது தண்ணீர்,
அல்லது தண்ணீர் மாதிரி ஒன்று.
ஒன்றரை மீட்டர் தாண்டினால் கத்து.
நேரம், கொழும்பு நேரம்.

பெயர், ஒரு சமக்குறி, மதிப்பு. அவ்வளவுதான்.
சமக்குறியின் பக்கத்தில் இடைவெளி விடாதே என்று
சேர்ந்த முதல் நாளே ருவினி
மஞ்சள் தாளில் எழுதித் திரையில் ஒட்டினாள்.
தாள் எப்போதோ விழுந்துவிட்டது.
பசைத் தடம் இருக்கிறது.

தமிழில் இதைச் சூழல் மாறி என்கிறார்கள்.
பெயர்ச்சொல்லா, வினையெச்சமா?
சூழல் மாறி
பிறகு என்ன ஆனதென்று சொல்லாமல்
வாக்கியம் பாதியில் நிற்கிறது.

நேரத்துக்கான வரியில் மட்டும்
என் கை கொஞ்சம் தயங்கும்.
நான் பள்ளிக்கூடம் போன காலத்தில்
இந்த நாடு ஒரு மே மாதம் ஒரு மணி முன்னே போனது,
ஐப்பசியில் அரை மணி திரும்பி வந்தது,
பத்து வருசத்துக்குப் பிறகு
மிச்ச அரை மணியையும் கொடுத்துவிட்டது.
வடக்கே சில சுவர்க்கடிகாரங்கள் எதையும் கேட்கவில்லை.
வவுனியாவில் பஸ் மாறும்போது அம்மா
நடத்துனரிடம் கேட்டார்:
"இது ஆற்றை நேரம்?"

போன வைகாசி. இரவு இரண்டே நாற்பது.
பம்பலப்பிட்டியில் என் அறை யன்னலில்
மழை செங்குத்தாக.
கைபேசி கத்தியது:
சோதனை மேசை. நீர் மட்டம் ஒன்று தசம் ஒன்பது மீட்டர்.

மேசையைப் பார்த்தேன்.
காய்ந்த மேசை. ஆறிய தேத்தண்ணி.
சூடு போகாத பற்றுகோல்.

எங்கோ ஒரு பலகை
தன் பெயர் தெரியாமல் எழும்பி,
பெயர் இல்லாதவற்றுக்கென்று
நான் சோம்பலில் எழுதிவைத்த பெயரை
எடுத்துப் போட்டுக்கொண்டு
கழுத்தளவு தண்ணீரில் கத்துகிறது,
என் மேசையிலிருந்து.

அந்த வாரம் பூட்டியவை பன்னிரண்டு.
கோப்புகளைத் திறந்தேன்.
மூன்றில் பாலம் என்ற சொல் இருந்தது,
முன்னால் இடைவெளியோடு, மேற்கோள் குறி இல்லாமல்.
இயந்திரம் இடைவெளியில் பெயரை முறித்து
இரண்டாம் சொல்லைக் கட்டளையாக எடுத்திருக்கும்.
எவரும் வாசிக்காத பதிவேட்டில் எழுதியுமிருக்கும்:

பாலம்: அப்படி ஒரு கட்டளை இல்லை.

ஃபாஸ்லான் மழையங்கியோடு மோட்டார் சைக்கிளில் போனான்.
முதல் பாலத்தில் உணரிக்குக் கீழே
கையை நீட்டினான்.
"பார், ஏதும் ஆடுதா?"
ஆடவில்லை.
இரண்டாவது கிருலப்பனை.
திரையில் தண்ணீர் ஒரே தாவலில்
நான்கு மீட்டர் ஆனது.
"உன் கைதான்," என்றேன், "எடு."
எடுத்தான். இரண்டு தசம் ஒன்று.

கீழே தோட்டத்தில்
குளிர்சாதனப் பெட்டியைக் கட்டில்மேல் ஏற்றி
பிள்ளைகளையும் விகாரைக்கு அனுப்பியாகிவிட்டதாம்.
பலகையின் பெயருக்காக
ஒருவரும் காத்திருக்கவில்லை.
ஒரு அக்கா அவனுக்குத் துவாய் கொடுத்தாராம்.

திங்கட்கிழமை கூட்டம்.
மேற்கோள் குறி போட ஐந்து நிமிடம்,
வாதம் இரண்டு மணி நேரம்.
பெயர் கிடைக்காவிட்டால் பலகை எழும்பவே கூடாது,
ருவினி சொன்னாள். பாடப்புத்தகப்படி அதுதான் சரி.
ஃபாஸ்லான் கையில் இன்னும் கால்வாய் நாற்றம்.
"எழும்பட்டும் மிஸ்," என்றான்.
"முதல்ல கத்தட்டும்.
எங்க எண்டு நாங்க கைய வச்சுப் பாப்பம்."

சோதனை மேசையை அழித்தேன்.
அந்த இடத்தில்
எங்கேயோ என்று எழுதி
படிமத்தைத் திரும்பக் கட்டப் போட்டேன்.
முடிய நாற்பது நிமிடம் என்றது.
வெளியே மறுபடி தூறல்.