அட்டவணையில் இல்லாத தரிப்பிடம்

முதலில் ஆரணிக்குத்தான் வந்தது.
பராமரிப்பு நிலையத்திலிருந்து
ஒரு காகிதச் சிலந்தியோடு
அதையும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.
புதன் இரவு அவள்.
வியாழன் விடிய கமலரூபன்.
வெள்ளி, வேறொருவரும் மிச்சமில்லாததால், நான்.

குளியலறைத் தரையில்
நூற்றுப் பதினேழு ஓடுகள். ஒன்றில் வெடிப்பு.
அதில் கன்னத்தை வைத்துக் கிடந்தேன்.
அந்த மூன்று நாளும்
என்னிடம் எதையும் கேட்காத ஒரே பொருள் அது.
கதவுக்கு வெளியிலிருந்து
"உயிரோட இருக்கிறியா?" என்றார் அவர்.
பகிடியாகக் கேட்கவில்லை.

நாலாம் நாள் கஞ்சி இறங்கியது.
பிழைத்துவிட்டேன் என்று
பணிமனைக்குத் தொலைபேசியில் சொன்னேன்.
அதில்தான் பிழை.

வந்தது போய்விட்டது,
வீட்டுச் சாவியைத் திருப்பித் தராமல்.
பால்தேநீர் குடித்தால்
வயிற்றுக்குள் யாரோ அலுமாரி நகர்த்துகிறார்கள்.
பருப்பென்றால் பின்னேரம் முழுவதும்
சட்டைப் பொத்தான் பூட்டாது.
ஒரு சிறு காற்றைக்கூட
நம்பி வெளியே விட முடியாத வாழ்க்கை.

"குடலுக்கு இன்னும் கோபம் தீரவில்லை,
ஆறு வாரம் பொறுங்கள், சிலருக்குக் கூடவும் ஆகும்"
என்ற மருத்துவர் ஒரு தாள் தந்தார்.
விலக்க வேண்டியவற்றில் வெங்காயம், உள்ளி.
அவை இல்லாமல் கறி எப்படி வைப்பது என்றேன்.
நல்ல மனிதர். கொஞ்சம் யோசித்துவிட்டு
வாழைப்பழம் சாப்பிடச் சொன்னார்.

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானமாம்.
சொன்னவருக்கு அன்றைக்கு
வயிறு சுகமாக இருந்திருக்கும்.

நான் வின்னிபெக்கில் பேருந்து ஓட்டுகிறேன்.
பெம்பினா நெடுஞ்சாலையை மற்றவர்களுக்குச்
சந்திகளாகத் தெரியும். எனக்குக் கதவுகளாக.
டிம் ஹார்ட்டன்ஸ், ஒன்றும் வாங்காமலும் போகலாம்.
நூலகம், பத்துக்கு முதல் திறக்காது.
பெட்ரோல் நிலையத்தில் கேட்டால்தான் சாவி,
ஒரு பெரிய மரக்கரண்டியில் கட்டியிருக்கும்.
கடைசித் தரிப்பிடத்தில் ஆறு நிமிட ஓய்வு:
நடக்க இரண்டு,
அங்கி, தோள்வார், கம்பளிக் காற்சட்டை, அதற்குள் இன்னொன்று
எல்லாம் கழற்ற இரண்டு.
மிச்சத்தைக் கணக்குப் பார்த்து
காலையில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

ஐந்தாம் வாரம், செவ்வாய். வெளியே மறை இருபத்தாறு.
பாதுகாப்புச் சப்பாத்துப் போட்ட ஒருவர்
பின்னிருக்கையிலிருந்து எழும்பி
கம்பி கம்பியாகப் பிடித்து முன்னுக்கு வந்தார்.
வெள்ளைக்கோட்டைத் தாண்டியும் நின்றார்.
ஒன்றும் பேசவில்லை.
கண்ணாடியில் பார்த்தேன்:
அந்தக் குளிரில் நெற்றி முழுக்க வியர்வை.

அந்த வியர்வையை எனக்குத் தெரியும்.
அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

தரிப்பிடம் இல்லாத இடத்தில்
பனிக்குவியலோடு ஒட்டி நிறுத்தி
எச்சரிக்கை விளக்கைப் போட்டேன்.
"உள்ளே போய் கரண்டியைக் கேளுங்கள்" என்றேன்.
கரண்டியா என்று கேட்க அவருக்கு நேரமில்லை.
ஓடவும் இல்லை.
ஓட முடியாதவர்கள் நடக்கும் அந்த நடையில் போனார்.

நாற்பது பேர் காத்திருந்தோம்.
ஒருத்தி நாக்கைச் சப்புக்கொட்டி மணி பார்த்தாள்.
ஒரு மாணவன் கண்ணாடியின் உறைபனியில்
நகத்தால் பெட்டி கீறினான்.
வானொலி கரகரத்தது: ஏன் நிற்கிறாய்?
"கதவு இறுகிப்போச்சு, பார்க்கிறேன்" என்றேன்.
பதின்மூன்று வருடத்தில்
கட்டுப்பாட்டறைக்கு நான் சொன்ன முதல் பொய்.
வாயில் பழகிய பொய்போல் வந்தது.

ஏழு நிமிடம்.
திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.
தன் இடத்தில் போய் இருந்தார்.
இறங்கும்போதும் பின்கதவால் இறங்கினார்.
நானாக இருந்தாலும் அப்படித்தான்.

அன்றிரவு ஆரணி தூங்கிய பிறகு
அரைக்கோப்பை பால்தேநீர்.
குடித்துவிட்டுக் கையை வயிற்றில் வைத்துக்கொண்டு
சமையலறையிலேயே நின்றேன்,
சமிக்ஞைக்கு நிற்பதுபோல.

ஒன்பது நாற்பது.
பத்து ஐந்து.
இதுவரை ஒன்றும் இல்லை.

கேத்தலில் மிச்சமிருந்ததை
ஊற்றாமல் மூடிவைத்தேன்.